இரும்புக் குளிசையும் வெறுந்தேத்தண்ணியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கொழுந்து பறிக்கும் வேலை. கிளினிக்கில் பார்த்தபோது ஹீமோகுளோபின் 9.2 என்றார்கள். இரும்புக் குளிசை தந்தார்கள். இரண்டு மாதம் விழுங்கியும் 9.5ஐத் தாண்டவில்லை. தேத்தண்ணியோடு விழுங்கக் கூடாது என்று மிட்வைஃப் மிஸ் சொல்கிறார். பால் ஊற்றிக் குடித்தால் பரவாயில்லையா? தேத்தண்ணி இல்லாமல் மலையில் நின்று வேலை செய்ய முடியாது.
— வாசகி, மஸ்கெலியா

பதில்: தேத்தண்ணியை விடவேண்டாம், குடிக்கிற நேரத்தை மட்டும் மாற்றுங்கள். தேயிலைச் சாயத்தில் இருக்கும் பொலிபீனோல் மூலக்கூறுகளில் ஐதரொட்சில் கூட்டங்கள் இரண்டும் மூன்றுமாகப் பக்கத்தில் பக்கத்தில் அமைந்திருக்கின்றன. இரும்பு அயன் கிடைத்ததும் அவை இரு பக்கமும் பிடித்துக்கொள்ளும். அப்படிச் சேர்ந்தது குடலில் கரையாது, குடற்சுவரைத் தாண்டாது, மலத்தோடு போய்விடும். 1999இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் இதை அளந்து வெளியிட்டார்கள். பாண் சாப்பாட்டோடு கறுப்புத் தேநீர் குடித்தவர்களின் உடலில் இரும்பு சேர்வது 79 முதல் 94 சதவீதம் வரை குறைந்தது. பால் ஊற்றியும் பார்த்தார்கள், சொல்லும்படியான வித்தியாசம் ஒன்றும் இல்லை. ஆகவே பால் ஊற்றினால் சரி என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

வீட்டிலேயே கண்ணால் பார்க்கலாம். ஒரு குளிசையைக் கரண்டியின் பின்பக்கத்தால் நசுக்கி, இரண்டு மேசைக்கரண்டி இளஞ்சூட்டுத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் கண்ணாடிக் கிளாஸில் ஊற்றுங்கள். சீனி போடாத வெறுந்தேத்தண்ணியை அதில் ஒரு கரண்டி விட்டால் மை போலக் கறுத்து வரும். இப்போது பாதித் தேசிக்காயைப் பிழியுங்கள், கறுப்பு வெளிறும். தேசிக்காயின் அமிலத்தில் பொலிபீனோலின் பிடி தளர்கிறது, சித்திரிக் அமிலம் இரும்பைத் தன் பக்கம் இழுக்கிறது. பார்த்த பிறகு கிளாஸைக் கழுவி ஊற்றிவிடுங்கள், பிள்ளைகள் கையில் படவேண்டாம்.

குளிசைக்கு ஒரு மணித்தியாலம் முன்பும் இரண்டு மணித்தியாலம் பின்பும் தேத்தண்ணி, கோப்பி வேண்டாம். பெரட்டுக்கு ஓடும் காலை நேரத்தில் இது நடக்காது என்பது தெரியும். இராச் சாப்பாடு முடிந்து இரண்டு மணித்தியாலம் கழித்து, படுக்கப் போகும்போது போடுவதுதான் தோட்டத்து வாழ்க்கைக்கு ஒத்துவரும். தேசிக்காய்த் தண்ணீரோ, கிளினிக்கில் தரும் விற்றமின் சி குளிசையோ கூடவே இருக்கட்டும். கிளினிக்கில் கல்சியம் லக்டேற்றும் தந்திருந்தால் அதைக் காலையில் போடுங்கள். இரண்டையும் ஒரே வாயில் போட்டு விழுங்குகிறவர்கள் நிறையப் பேர், கல்சியமும் இரும்பைத் தடுக்கும். நெஞ்செரிவு மருந்தும் அப்படியே. குமட்டினால் ஒரு பிஸ்கற்றோடு போடலாம், கொஞ்சம் குறைவாகச் சேரும், ஆனால் நிறுத்துவதைவிட மேல். மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

அண்மைக் கால ஆய்வில் இன்னொரு விஷயமும் வெளிவந்திருக்கிறது. 200 மில்லிகிராம் பெரஸ் சல்பேற் குளிசையில் இருக்கும் தனி இரும்பு 60 முதல் 65 மில்லிகிராம். அவ்வளவு இரும்பு ஒரே தடவையில் உள்ளே போனதும் ஈரல் ஹெப்சிடின் என்ற சிறு ஹோர்மோனைச் சுரக்கிறது. குடற்கலங்களிலிருந்து இரும்பு குருதிக்குப் போகும் வாசல் பெரோபோர்ட்டின் என்ற புரதம். ஹெப்சிடின் அதில் ஒட்டி வாசலை அடைத்துவிடுகிறது, 24 மணித்தியாலம் வரை அந்தத் தடை நீடிக்கும். அடுத்த நாள் குளிசையில் பாதிக்கு மேல் வீணாவதற்கு இது ஒரு காரணம். 2017இல் வெளியான சூரிச் ஆய்வில், உடலில் இரும்பு இருப்புக் குறைந்திருந்த இளம் பெண்கள் தினமும் 60 மில்லிகிராம் எடுத்தபோது 16 சதவீதமும், ஒன்றுவிட்ட ஒரு நாள் எடுத்தபோது 22 சதவீதமும் உறிஞ்சப்பட்டது. வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் இதை டொக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம். கர்ப்பிணித் தாய்மார் தாமாக மாற்றக் கூடாது, அவர்களுக்கு கிளினிக் சொல்வதே கணக்கு.

நேரம் பார்த்து ஒழுங்காக விழுங்கினால் நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் குறைந்தது 1 கிராமாவது ஏறவேண்டும். ஏறாவிட்டால் குளிசையைக் கூட்டச் சொல்லாதீர்கள், காரணத்தைத் தேடச் சொல்லுங்கள். கொக்கிப்புழு இருக்கலாம், மாதவிடாயில் அதிகம் போகலாம். இன்னொன்று தலசீமியா சுமப்பு, அதாவது ஹீமோகுளோபின் சரியாக உண்டாகாத பரம்பரை நோயின் அலகைச் சுமப்பது. குருதி அறிக்கையில் எம்.சி.வி. (செங்குழியத்தின் சராசரிப் பருமன்) என்ற எண்ணை ஆர்.பி.சி. (செங்குழிய எண்ணிக்கை) எண்ணால் வகுத்துப் பாருங்கள். உதாரணமாக 62ஐ 5.6ஆல் வகுத்தால் 11. விடை 13க்குக் கீழே வந்தால் தலசீமியா சந்தேகம், மேலே வந்தால் பெரும்பாலும் இரும்புக் குறைபாடு. இது வெறும் குறிகாட்டி, நிச்சயப்படுத்த ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகையின் அளவைப் பார்க்கவேண்டும். அது 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பீற்றா தலசீமியா சுமப்பு என்று எடுப்பார்கள். கடுமையான இரும்புக் குறைபாடு இந்த ஏ2 அளவைக் கீழே இழுத்து ஏமாற்றும் என்பதால், இரும்பைச் சரிசெய்துவிட்டு மறுபடி பார்ப்பதும் உண்டு.

முக்கியமாக ஒன்று. 10 கிலோ எடையுள்ள பிள்ளை நான்கு குளிசையை விழுங்கினாலே நஞ்சின் அறிகுறி தொடங்கலாம். சிவப்பாக, இனிப்புப் பூச்சோடு வரும் குளிசைகளைப் பிள்ளைகள் இனிப்பு என்று எடுத்துவிடுவார்கள். லயத்துக் காம்பராவில் தட்டில் வைக்காமல் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. தலசீமியா. மாதா மாதம் இரத்தம் ஏற்றுகிறோம். பரம்பரையலகை வெட்டித் திருத்தும் சிகிச்சை வந்துவிட்டது, இனி இரத்தம் தேவையில்லை என்று ஒரு வீடியோவில் பார்த்தோம். உண்மையா? ஊசியாகப் போட முடியாதா?
— வாசகர், பசறை

பதில்: உண்மைதான், ஆனால் வீடியோக்களில் பாதியைத்தான் சொல்கிறார்கள். கஸ்கெவி என்று பெயர். பிரித்தானியா 2023 நவம்பரில் அனுமதித்தது, அமெரிக்கா தலசீமியாவுக்கு 2024 ஜனவரியில் அனுமதித்தது. 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு. சார்பென்ரியரும் டௌட்னாவும் 2020இல் நோபல் பரிசு பெற்ற, டிஎன்ஏயை வெட்டும் கிறிஸ்பர் கத்தரிதான் இதன் கருவி.

ஹீமோகுளோபினின் பீற்றாச் சங்கிலிக்குரிய, கெட்டுப்போன பரம்பரையலகை இந்தச் சிகிச்சை திருத்துவதில்லை. தாய் வயிற்றில் இருக்கும்போது எல்லோரும் வேறொரு ஹீமோகுளோபினை உண்டாக்கினோம். பிறந்த பிறகு பிசிஎல்11ஏ என்ற புரதம் அதை நிறுத்திவைக்கிறது. செங்குழியங்களை உண்டாக்கும் கலங்களில் மட்டும் அந்தப் புரதத்தை இயக்கும் ஒரு சிறு டிஎன்ஏ பகுதியைக் கத்தரி வெட்டுகிறது. தடை குறைகிறது, குழந்தைக்கால ஹீமோகுளோபின் மறுபடி வருகிறது. சோதனையில் போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 35 பேரில் 32 பேர் தொடர்ந்து 12 மாதமாவது இரத்தம் ஏற்றாமல் இருந்தார்கள்.

செய்யும் முறைதான் கடினம். மருந்து கொடுத்து என்புமச்சையிலிருந்து குருத்துக்கலங்களைக் குருதிக்கு வரவைத்து, இயந்திரத்தால் பிரித்தெடுக்கிறார்கள். போதாவிட்டால் இரண்டாம் மூன்றாம் தடவையும் எடுக்கவேண்டும். அவை தொழிற்கூடத்துக்குப் போய், மின்னதிர்ச்சியால் சவ்வில் துளை திறந்து கத்தரியை உள்ளே விட்டு, பரிசோதித்துத் திரும்பி வர மாதக்கணக்காகும். அதன் பிறகு புசல்பன் என்ற வேதிமருந்தைக் கொடுத்து மகனுடைய பழைய என்புமச்சையை முற்றாக அழித்துவிட்டுத்தான் புதிய கலங்களை ஏற்றமுடியும். நான்கு முதல் ஆறு வாரம் ஆஸ்பத்திரியில், தொற்று வராமல் தனியறையில் இருக்கவேண்டும். புசல்பனால் பிற்காலத்தில் பிள்ளை பிறக்காமல் போகலாம். அமெரிக்காவில் விலை 22 இலட்சம் டொலர்.

ஊசியாக ஏன் போடமுடியாது என்ற உங்கள் கேள்வி சரியான இடத்தில் விழுந்த கேள்வி. கத்தரியைக் கொழுப்புத் துளிக்குள் வைத்து நாளத்தில் ஏற்றினால் அது பெரும்பாலும் ஈரலில் போய் ஒதுங்குகிறது. அதனால்தான் 2025இல் அமெரிக்காவில் ஒரு கைக்குழந்தைக்கு அதற்கென்றே தயாரித்த திருத்த மருந்தைக் கொடுக்க முடிந்தது, அந்தக் குழந்தையின் கோளாறு ஈரலில் இருந்தது. என்புமச்சைக்குத் துளியை அனுப்பும் வழியை இப்போது பல ஆய்வுகூடங்கள் தேடிக்கொண்டிருக்கின்றன.

அது வரும்வரை மகனுடைய ஈரலையும் இதயத்தையும் காப்பாற்றி வைப்பதுதான் உங்கள் வேலை. ஒரு பை இரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உடம்பு ஒரு நாளைக்கு வெளியேற்றுவது ஒன்று இரண்டு மில்லிகிராம்தான், கூடுதலாக வந்ததை அகற்ற வழியே இல்லை. மேலே மஸ்கெலியா வாசகிக்குத் தொல்லை தந்த அதே வேதியியல் இங்கே மருந்தாகிறது. இரும்பைப் பிடித்து வெளியேற்றும் மருந்துகள் மூன்று. அவற்றில் டெஸ்பெரியொக்சமின், மண்ணில் வாழும் ஸ்ரெப்ரோமைசிஸ் இன பக்றீரியா இரும்பைத் தேடிப் பிடிக்கச் சுரக்கும் பொருள். அதன் ஒரு மூலக்கூறு ஆறு இடத்தில் பிடித்து ஓர் இரும்பை முழுதாகச் சுற்றிக்கொள்ளும். டெபெரசிரொக்ஸ் என்றால் ஓர் இரும்புக்கு இரண்டு மூலக்கூறு வேண்டும், டெபெரிப்ரோன் என்றால் மூன்று. முதலாவது பெரிய மூலக்கூறு, குடலில் சேராது. அதனால் வயிற்றுத் தோலின் கீழ் 8 முதல் 12 மணித்தியாலம் பம்பில் ஏறவேண்டும், வாரத்தில் ஐந்து இரவாவது. மற்ற இரண்டும் வாயால் எடுப்பவை.

டெபெரசிரொக்ஸ் எடுப்பவர்கள் சிறுநீரகத்துக்கான கிரியற்றினின் சோதனையும் ஈரல் சோதனையும் மாதாமாதம் பார்க்கவேண்டும். டெபெரிப்ரோன் எடுக்கும்போது காய்ச்சல் கண்டால் அன்றைக்கே குளிசையை நிறுத்தி வெண்குழிய எண்ணிக்கை பார்க்கவேண்டும், நாளை பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. விற்றமின் சி குளிசையை டொக்டர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். மகனுக்குச் சாப்பாட்டோடு தேத்தண்ணி கொடுக்கலாம், நல்லதும்கூட. பம்ப் குத்தும் இடத்தைத் தினமும் மாற்றாவிட்டால் தோல் தடித்து மருந்து உள்ளே இறங்காது. அறிக்கையில் பெரிற்றின் (உடலில் உள்ள இரும்பு இருப்பைக் காட்டும் அளவு) குறையவில்லையே என்று தேடினால் பல வீடுகளில் காரணம் அதுதான், அல்லது பாடசாலைச் சுற்றுலா வாரத்தில் விட்டுப்போன இரவுகள்.

கேள்வி: உயர்தரம் உயிரியல் படிக்கிறேன். எந்தப் புரதத்தின் வடிவத்தையும் இப்போது கணினி சொல்லிவிடும், அதற்கு நோபல் பரிசும் கொடுத்தார்கள் என்று சேர் சொன்னார். போனில் பார்க்க முடியுமா? தலசீமியா புரதத்தின் வடிவத்தைப் பார்த்து செயற்றிட்டம் செய்ய நினைக்கிறேன்.
— மாணவி, பண்டாரவளை

பதில்: முடியும், இலவசம். 2024 இரசாயனவியல் நோபல் பரிசில் பாதி டேவிட் பேக்கருக்கு, புதுப் புரதங்களை வடிவமைத்ததற்காக. மறுபாதி டெமிஸ் ஹசாபிஸ், ஜோன் ஜம்பர் இருவருக்கும், அல்பாபோல்ட் என்ற வடிவக் கணிப்புக்காக. அதன் தரவுத்தளத்தில் 20 கோடிக்கு மேற்பட்ட புரதங்கள் இருக்கின்றன. தேடும் கட்டத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்து பி, அடுத்து இடைவெளியில்லாமல் 68871 என்று அடியுங்கள். மனித ஹீமோகுளோபினின் பீற்றாச் சங்கிலி வரும். நிறங்களைக் கவனியுங்கள்: கடும் நீலம் என்றால் நம்பிக்கை 90க்கு மேல், வெளிர் நீலம் 70 முதல் 90, மஞ்சள் 50 முதல் 70, செம்மஞ்சள் 50க்குக் கீழே. செம்மஞ்சள் பகுதி நூடில்ஸாகச் சுருண்டு கிடந்தால் அதைப் புரதத்தின் வடிவம் என்று எழுதிவிடாதே, கணினிக்குத் தெரியவில்லை என்பதுதான் அதன் பொருள்.

இப்போது அந்தப் படத்தில் இரும்பைத் தேடு. கிடைக்காது. அந்தத் தரவுத்தளம் அமினோ அமிலச் சங்கிலியை மட்டும் கணிக்கிறது, ஹீம் கூட்டத்தையும் நடுவிலுள்ள இரும்பையும் போடுவதில்லை. நான்கு சங்கிலியில் ஒன்றுதான் அங்கே இருக்கும். முழுதாகப் பார்க்க புரதத் தரவு வங்கிக்குப் போய் 4 எச்.எச்.பி. என்று தேடு. எக்ஸ் கதிரால் நேரடியாக அளந்த ஹீமோகுளோபின் அது, நான்கு சங்கிலி, நான்கு ஹீம். பீற்றாச் சங்கிலியின் 92ஆம் இடத்து ஹிஸ்ரிடீன் இரும்பைப் பிடித்திருப்பதைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். அல்பாபோல்ட் பக்கத்தில் அதே ஹிஸ்ரிடீன் 93 என்று இருக்கும், குழம்பாதே. அங்கே தொடக்கத்து மெதியோனினையும் சேர்த்து எண்ணுகிறார்கள், பாடப்புத்தகத்தில் சேர்ப்பதில்லை. 2024இல் வந்த மூன்றாம் பதிப்பின் இணையச் சேவையில் ஹீமையும் சேர்த்துக் கணிக்கக் கேட்கலாம்.

தலைப்பை மட்டும் மாற்றச் சொல்வோம். இலங்கையில் அதிகம் காணப்படும் பீற்றா தலசீமியா மாற்றங்களில் இரண்டு, முதலாவது இன்ரோனின் ஒன்றாம் இடத்திலும் ஐந்தாம் இடத்திலும் வருபவை. இன்ரோன் வெட்டி எறியப்படும் பகுதி, அது புரதத்தில் இல்லவே இல்லை. வடிவத்தைப் பார்த்து அங்கே எதையும் கண்டுபிடிக்க முடியாது. வெட்டும் இடம் பிழைத்து, சங்கிலி குறைவாக உண்டாவதுதான் அங்கே நோய். ஹீமோகுளோபின் ஈ மாற்றத்தில் 26ஆம் இடத்து குளூற்றாமிக் அமிலம் லைசீன் ஆகிறது, இதைப் படத்தில் காட்டலாம். ஆனால் அந்த ஓர் எழுத்து மாற்றம் ஆர்என்ஏயில் இன்னொரு பொய் வெட்டும் இடத்தையும் திறந்துவிடுகிறது, உற்பத்தி குறைவதற்குக் காரணம் அதுதான். ‘வடிவம் சொல்வது எது, சொல்லாதது எது’ என்று இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துச் செய்தால், வெறும் வண்ணப் படத்தை ஒட்டிய செயற்றிட்டத்தைவிட உன்னுடையது தனியாகத் தெரியும்.

கேள்வி: பச்சைத் தேயிலைச் சாறு அடைத்த கப்சூல் புற்றுநோயைக் கொல்லும் என்று விற்கிறார்கள். அம்மா புற்றுநோய்ச் சிகிச்சை எடுக்கிறார். கொடுக்கலாமா?
— வாசகர், தலவாக்கலை

பதில்: கொடுக்காதீர்கள். ஆய்வுகூடத் தட்டில் புற்றுக்கலம் செத்ததைத்தான் விளம்பரமாக்கியிருக்கிறார்கள். அதில் சேர்த்த ஈ.ஜி.சி.ஜி. என்ற தேயிலைப் பொலிபீனோலின் செறிவு, குடித்து இரத்தத்தில் வரும் செறிவைவிடப் பல மடங்கு. அந்தப் பொருளைக் கப்சூலாக ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு ஈரல் நொதியங்கள் ஏறுவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் அறிவித்தது. அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. என்புமச்சைப் புற்றுக்குக் கொடுக்கும் போர்ட்டிசொமிப் மருந்தில் ஒரு போரன் அணு இருக்கிறது. ஈ.ஜி.சி.ஜி.யின் பக்கத்துப் பக்கத்து ஐதரொட்சில்கள் அந்தப் போரனைப் பிடித்து மருந்தைச் செயலிழக்கச் செய்வதை 2009இல் எலிகளில் காட்டினார்கள். அம்மா என்ன மருந்து எடுத்தாலும், கப்சூல் போத்தலை மஹரகம ஆஸ்பத்திரிக்கோ கண்டி ஆஸ்பத்திரிக்கோ கொண்டுபோய் டொக்டரிடம் காட்டுங்கள். சாதாரணமாகக் குடிக்கும் தேத்தண்ணி வேறு கதை.

கேள்வி: எல்லாப் பாம்புக்கும் ஒரே விஷமுறிவு மருந்து வந்துவிட்டதாமே? எங்கள் தோட்டத்தில் கோப்பி விரியன் தொல்லை.
— வாசகர், நாவலப்பிட்டி

பதில்: கோப்பி விரியனுக்கு இன்னும் இல்லை. நம் ஆஸ்பத்திரிகளில் உள்ள இந்திய மருந்து நாகம், எட்டடி விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் தயாரானது. அதைக் கோப்பி விரியன் கடிக்கு ஏற்றினால் பலனில்லை, குதிரைப் புரதத்துக்கு ஒவ்வாமைதான் மிஞ்சும். 2025இல் வந்த இரண்டு பெரிய செய்திகளும், அதாவது பேக்கர் குழு வடிவமைத்த புரதமும் 19 இனங்களுக்கு எதிராக எலியைக் காத்த பிறபொருளெதிரிக் கலவையும், நாகமும் எட்டடி விரியனும் சேர்ந்த குடும்பத்துக்குரியவை, பெயரில் விரியன் இருந்தாலும் எட்டடி விரியன் உண்மையான விரியன் அல்ல. விரியன் விஷத்தில் சிங்க் அணுவை நடுவில் வைத்த நொதியங்கள் இரத்தத்தையும் தசையையும் அறுக்கின்றன. புற்றுநோய்க்கென்று தயாரித்துக் கைவிடப்பட்ட மரிமஸ்ராற் என்ற பழைய மருந்து அந்தச் சிங்கைப் பிடிக்கிறது. பிடிக்கும் பகுதி ஹைட்ரொக்சாமேற் கூட்டம், டெஸ்பெரியொக்சமின் இரும்பைப் பிடிப்பதும் அதே கூட்டத்தால்தான். ஆய்வு போகும் திசை அது.

கடித்தால் மோதிரம், வளையல், கொலுசு எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள், வீங்கிய பின் வெட்டித்தான் எடுக்கவேண்டி வரும். இறுக்கிக் கட்டுப் போடாமல், கீறாமல், ஐஸ் வைக்காமல், கடிபட்ட கையையோ காலையோ தடியோடு சேர்த்து அசையாமல் கட்டிக் கொண்டுபோங்கள். வலிக்குப் பரசிற்றமோல் மட்டும். டைக்லோபெனக், அஸ்பிரின் இரண்டும் இரத்தக்கசிவைக் கூட்டும். ஆஸ்பத்திரியில் 2 மில்லிலீற்றர் இரத்தத்தைப் புதிய உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் ஆட்டாமல் வைத்து, ஒருமுறை சரித்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விஷம் வேலை செய்கிறது. சவர்க்காரம் போட்டுக் கழுவிய குழாயும் பிளாஸ்ரிக் குழாயும் தவறான முடிவு தரும். முதல் சோதனை சரியென்று வீட்டுக்கு வராதீர்கள், மறுபடி மறுபடி பார்க்கவேண்டும். சிறுநீர் குறைந்தாலும் தேத்தண்ணி நிறத்தில் போனாலும் உடனே சொல்லுங்கள், சிறுநீரகம் கெடுவது இரண்டாம் மூன்றாம் நாளில்தான் தெரியவரும்.

கேள்வி: வீட்டில் பிரிட்ஜ் இல்லை. இன்சுலின் போத்தலை எப்படி வைப்பது?
— வாசகி, நுவரெலியா

பதில்: பாவிக்கத் தொடங்கிய போத்தல் 25 பாகைக்குக் கீழே நான்கு வாரம் தாங்கும், உங்கள் ஊரில் அறைக்குள்ளேயே அது உண்டு. அடுப்படித் தட்டிலும் வெயில் படும் ஜன்னலிலும் வைக்காதீர்கள். போத்தலில் திறந்த திகதியை எழுதுங்கள், ஒரு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். பக்கத்து வீட்டுப் பிரிட்ஜில் வைத்தால் ஐஸ் பெட்டிக்குக் கீழே வைக்கச் சொல்லவேண்டாம், கதவுத் தட்டில் வைக்கச் சொல்லுங்கள். இன்சுலின் மூலக்கூறுகள் ஆறாறாகச் சிங்க் அயனைச் சுற்றி நிற்பவை. உறைந்தால் அவை ஒன்றோடொன்று கட்டிபட்டுவிடும், உருகிய பிறகும் பழைய நிலைக்கு வராது, ஊசி போட்டும் சீனி இறங்காது. தெளிவாக இருக்கவேண்டிய இன்சுலின் கலங்கியிருந்தாலும், கலங்கல் இன்சுலின் உருட்டியும் கலக்காமல் துகளாக நின்றாலும் எறிந்துவிடுங்கள். கொழும்புக்குப் பஸ்ஸில் போகும்போது மேல் தட்டில் பையை வைக்காமல், ஈரத் துணி சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.